தம்பி புவேர்ட்டோ ரிக்கோ போகிறான்: தீவில் புயலில் மாட்டியவர்கள் இருந்தால் அனுபவம் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணத்தான்

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி மருந்து ஆலைகளில் வேலிடேஷன் இன்ஜினியர். ஓசூரில் ஆரம்பித்து இப்போது பெங்களூருவில் இருக்கிறான். வருகிற ஜூலையில் ஆறு மாத வேலையாகப் புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்கு அனுப்புகிறார்கள். கரீபியன் கடலில் அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட தீவு அது. நல்ல வாய்ப்பு, சம்பளமும் நல்லது. ஆனால் அந்தப் பக்கம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலமாம். அவன் இருக்கப்போவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். 2025 அக்டோபரில் ஜமைக்காவை மெலிசா புயல் அடித்த வீடியோக்களை அம்மா டிவியில் பார்த்திருக்கிறார். அதிலிருந்து தினமும் இதே பேச்சுதான்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்தில் அந்தத் தீவுகளில் புயலின்போது இருந்தவர்கள் யாராவது உண்டா? போகலாமா வேண்டாமா என்பதைவிட, மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் அம்மாவுக்குச் சொல்ல எனக்கு ஏதாவது இருக்கும்.

பாலக்கோட்டான்

வணக்கம் தம்பி. நான் 2017இல் மரியா புயலின்போது அங்கேயேதான் இருந்தேன். உங்கள் தம்பியைப் போலவே மருந்து ஆலை வேலை. புயல் முடிந்து பல வாரம் கழித்துத்தான் தீவை விட்டு வெளியே வர முடிந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தீவு சுமார் 9,100 சதுர கிலோமீட்டர். 2004இல் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிவதற்கு முன்பு இருந்த நம் பழைய தருமபுரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் சின்னது. அதற்குள் அப்போது 33 லட்சம் பேர். நடுவில் ஏற்காட்டைவிடச் சற்றுக் குறைந்த உயரத்தில் மலைத்தொடர், சுற்றிலும் கடல். நம்மூரில் வெள்ளம் என்றால் சேலம் பக்கமோ பெங்களூரு பக்கமோ லாரி வந்துவிடும். அங்கே வெளியிலிருந்து எது வந்தாலும் கப்பலில் அல்லது விமானத்தில் வர வேண்டும். துறைமுகத்தில் கண்டெய்னர் வந்து நின்றாலும், அதை ஓட்ட டிரைவர் வேண்டும், டிரைவருக்கு டீசல் வேண்டும், போக ரோடு வேண்டும். இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

அந்த வருடம் செப்டம்பர் 6ஆம் தேதி இர்மா புயல் தீவுக்கு வடக்கே கடலோடு போனது. நேரடியாக அடிக்கவில்லை. ஆனாலும் பத்து லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்தது கிளம்பியது. மரியாவுக்குப் பெயர் வைத்தது செப்டம்பர் 16. 18ஆம் தேதி இரவு டொமினிக்கா தீவை ஐந்தாம் வகைப் புயலாக, அதாவது அங்கே வைக்கும் உச்ச வகையாக, அடித்தது. 20ஆம் தேதி காலை ஆறேகால் மணிக்கு எங்கள் தீவின் தென்கிழக்கில் யாபுகோவா என்ற ஊரில் கரையேறியது. காற்று மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். நம்மூரில் அப்போது பிற்பகல் மூன்றே முக்கால். பெயர் வைத்ததிலிருந்து கணக்குப் போட்டால் நான்கே நாள்.

நாங்கள் இருந்தது அதற்குப் பக்கத்து ஊரான உமாகாவோவில், காங்கிரீட் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். நானும், கூட வேலை செய்த தெலுங்கு நண்பர் ஒருவரும். நள்ளிரவிலேயே கரண்ட் போய்விட்டது. அங்கே ஜன்னல்கள் பெரும்பாலும் அலுமினியப் பட்டைகள் வைத்தவை. காற்று அந்தப் பட்டைகளுக்கு நடுவே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்தது. காது அடைத்துக்கொண்டது. ஜன்னல் இல்லாத குளியலறையில் மெத்தையை நிறுத்திவைத்து, அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். சத்தம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பேசுவதானால் காதில் வாய் வைத்துப் பேச வேண்டும். பிற்பகலில்தான் கதவைத் திறக்கத் தைரியம் வந்தது. முந்தின நாள் பச்சையாக இருந்த மலை முழுக்கப் பழுப்பாக நின்றது. ஒரு மரத்திலும் இலை இல்லை.

காகுவாஸ் என்ற ஊரில் அந்தப் புயலில் பெய்த மழை சுமார் 960 மில்லிமீட்டர். நம் மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். வானிலைத் துறையின் ரேடாரையே காற்று பெயர்த்துப் போட்டுவிட்டது.

ஆனால் தம்பி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்த இரவைப் பற்றி இல்லை. அது ஒரே இரவு. அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் வேலை இருக்கிறது, முடித்துவிட்டு எழுதுகிறேன்.

அரூர் அக்கா

படிக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. புயல் என்றால் கடலோரத்துக்காரர்கள் பிரச்சினை என்று நாம் இருந்தோம். 2024இல் பெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. மறுநாள் என்ன ஆயிற்று? ஊத்தங்கரையில் ஒரே நாளில் 503 மில்லிமீட்டர். எங்கள் அரூரில் 331. ஊத்தங்கரையில் ரோட்டோரம் நின்ற வேன்களையும் கார்களையும் தண்ணீர் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை. பெங்களூருவில் இருந்த மகள் அழுதுகொண்டே இருந்திருக்கிறாள், எங்களுக்குத் தெரியவே இல்லை.

பாலக்கோட்டுத் தம்பி, வீட்டுக்கு எப்படித் தகவல் சொன்னீர்கள்? அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

ஓசூர் தேன்கனி

நான் இரண்டாவது கேள்வி கேட்கிறேன். நான்கு நாள் முன்பே தெரிந்துவிட்டதே, ஏன் விமானம் ஏறி வெளியே வரவில்லை? குறை சொல்லக் கேட்கவில்லை. காவேரிப்பட்டணத்தாரின் தம்பிக்கு இதுதான் முதல் முடிவாக இருக்கும் என்பதால் கேட்கிறேன்.

பாலக்கோட்டான்

சரியான கேள்வி. பெயர் வைத்த அன்று அது சாதாரணப் புயல். 18ஆம் தேதி ஒரே நாளில்தான் அது ஐந்தாம் வகைக்கு ஏறியது. எல்லோருக்கும் பயம் வந்தது அதற்குப் பிறகு. அதற்குள் டிக்கெட் இல்லை. பக்கத்துத் தீவுகளில் இர்மாவில் வீடிழந்தவர்கள் வேறு எங்கள் தீவுக்கு வந்து இறங்கியிருந்தார்கள், அவர்களும் போக வேண்டும். அதனால் கிளம்புவதானால் வகை எண் ஏறும்வரை காத்திருக்கக் கூடாது. ஐந்து நாள் முன்கணிப்புப் படத்தில் புயல் போகக்கூடிய பாதையைக் கூம்பு வடிவில் காட்டுவார்கள். தீவு அந்தக் கூம்புக்குள் வந்தவுடன் டிக்கெட் எடுத்துவிட வேண்டும். புயல் திசை மாறினால் டிக்கெட் காசு போகும், போகட்டும். கம்பெனியிடம் இதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்: எந்தக் கட்டத்தில் வெளியே அனுப்புவீர்கள், செலவு யாருடையது என்று.

அரூர் அக்கா கேட்டதற்கு வருகிறேன்.

புயல் முடிந்த அன்று தீவு முழுக்கக் கரண்ட் இல்லை. ஓர் ஊரில், ஒரு மாவட்டத்தில் இல்லை, முழுத் தீவிலும் இல்லை. கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் திரும்ப வந்து சேர்ந்தது 2018 ஆகஸ்டில், ஏறக்குறைய பதினொரு மாதம் கழித்து. செல்போன் டவர்கள் அநேகமாக எல்லாம் செத்துவிட்டன. தீவு முழுக்கக் கேட்ட ஒரே வானொலி வாப்பா ரேடியோ, 680 ஏ.எம். கீழ்வீட்டுக்காரர் பேட்டரி ரேடியோ வைத்திருந்தார். மாலையானால் படிக்கட்டில் எல்லோரும் கூடி அதைக் கேட்போம். எந்தப் பாலம் போனது, எந்த ஊரில் தண்ணீர் லாரி வருகிறது, எந்த பங்கில் பெட்ரோல் இருக்கிறது, எல்லாம் அதிலிருந்துதான். ஸ்பானிஷ் சரியாகத் தெரியாத எங்களுக்கு அந்தக் குடும்பத்துப் பெண் பொறுமையாகச் சொல்லுவார்.

சிக்னல் எங்கே கிடைக்கும் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தலைநகர் சான் ஹுவான் போகும் நெடுஞ்சாலையில் ஒரு மேட்டில் கார்கள் வரிசையாக நிற்கும், ஆளுக்கு ஆள் போனை மேலே தூக்கிப் பிடித்தபடி. சில நாள் கழித்து அங்கேதான் எனக்கு முதல் அழைப்பு கிடைத்தது. பாலக்கோட்டில் அப்போது விடியற்காலை. மனைவி எடுத்து என் பெயரைச் சொன்னதும் கட் ஆகிவிட்டது. அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பிறகு புரிந்தது என்னவென்றால், குரல் அழைப்பு போகாத இடத்தில்கூட குறுஞ்செய்தி எப்படியோ நுழைந்துவிடும். அதனால் போனில் முன்கூட்டியே செய்தியை எழுதி வைத்து, சிக்னல் ஒரு கோடு வந்ததும் அனுப்பிவிடுவேன். ஊருக்கு ஒருவருக்கு மட்டும். அவர் மற்ற எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. தம்பியிடம் இப்போதே அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம் காசு. கரண்டும் நெட்டும் இல்லாவிட்டால் கார்டு வேலை செய்யாது, ஏ.டி.எம். இயங்காது. வங்கியில் லட்சக்கணக்கில் இருந்தாலும் ஐஸ் வாங்க முடியாது. சில்லறை நோட்டாக வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். நூறு டாலர் நோட்டைக் கொடுத்தால் கடைக்காரரிடம் மீதி இருக்காது. பெட்ரோலுக்குப் பல மணி நேரம் நின்றிருக்கிறேன். மாலையானால் ஊரடங்கு வேறு.

தண்ணீர்தான் பெரிய விஷயம். கரண்ட் இல்லை என்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் குழாயில் தண்ணீர் இல்லை. ஒகேனக்கல் தண்ணீர் நாலு நாள் வராவிட்டால் நம் வீட்டில் பெண்கள் என்ன செய்கிறார்களோ, அதைத்தான் நான் அங்கே செய்தேன். புயலுக்கு முந்தின நாளே குளிக்கும் தொட்டி, குப்பைக்கூடை, சமையல் பாத்திரம், ஜிப் பை எல்லாவற்றிலும் நிரப்பி வைத்தேன். தெலுங்கு நண்பர் முதலில் இதெல்லாம் எதற்கு என்றார். பிறகு மாடியில் இருந்த நான்கு குடும்பத்துக்கு அதிலிருந்துதான் கழிப்பறைத் தண்ணீர் போனது. குடிக்கும் தண்ணீரை ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டோம். கேஸ் தீர்ந்த பிறகு, வாசனை சேர்க்காத பிளீச் லிட்டருக்கு இரண்டு சொட்டு, அரை மணி நேரம் விட்டுக் குடித்தோம்.

சாப்பாட்டுக்கு ஊரிலிருந்து கொண்டுபோன அவலும் சத்துமாவும் எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது. அடுப்பு வேண்டாம், ஊற வைத்தால் போதும். மாங்காய்த் தொக்கு அந்த வெயிலிலும் கெடவில்லை. கீழ்வீட்டு அம்மா ஃப்ரீசரில் இருந்த கறியெல்லாம் கெடுவதற்குள் ஒரே நாளில் சமைத்து, மொத்தக் கட்டடத்துக்கும் போட்டார். நான் அவருக்குத் தொக்கு கொடுத்தேன். தினமும் கேட்டு வாங்கினார்.

பென்னாகரம் நர்ஸ்

நான் வளைகுடாவில் வேலை பார்த்தவள், அந்தத் தீவுகளுக்குப் போனதில்லை. ஆனால் மரியாவுக்குப் பிந்தைய உயிரிழப்பு எங்கள் துறையில் எல்லோரும் படித்த விஷயம். அரசு முதலில் சொன்ன சாவு எண்ணிக்கை 64. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆய்வு செய்த பிறகு, 2018 ஆகஸ்டில் அதை 2,975 என்று திருத்தினார்கள். செப்டம்பரிலிருந்து அடுத்த பிப்ரவரி வரையிலான கணக்கு அது. காற்றிலும் வெள்ளத்திலும் இறந்தவர்கள் அதில் சிறு பங்குதான். வயதானவர்களும் ஏழை ஊர்களில் இருந்தவர்களும்தான் அதிகம். கரண்ட் இல்லாமல் ஆக்சிஜன் இயந்திரம் நின்றால், டயாலிசிஸ் தள்ளிப்போனால், ரோடு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாவிட்டால் என்ன ஆகும்? புயல் போய்விட்டது என்று உலகம் திரும்பிக்கொண்ட பிறகு நடந்த சாவுகள் இவை. எனக்கு இதை நினைத்தால் இப்போதும் தாங்கவில்லை.

தம்பிக்கு ஏதாவது தொடர் மருந்து இருந்தால் இரண்டு மாதத்துக்குக் கையில் இருக்கட்டும், சீட்டோடு. இன்சுலின் போடுபவராக இருந்தால், திறந்த குப்பி பெரும்பாலும் சுமார் 28 நாள் அறை வெப்பத்தில் தாங்கும், 30 டிகிரிக்கு மேல் போகாமல் பார்க்க வேண்டும். நம் ஊர் மண்பானை முறை அதற்கு ஓரளவு உதவும்: பெரிய சட்டிக்குள் சின்ன சட்டி, நடுவில் ஈர மணல். இன்னொன்று, வெள்ளத்தில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. மரியாவுக்குப் பிறகு அங்கே எலிக்காய்ச்சல் வந்தது. காலில் சின்ன வெட்டு இருந்தாலும் போதும், கிருமி உள்ளே போய்விடும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னல் பக்கமோ ஓட்டக் கூடாது, குறைந்தது 20 அடி தள்ளி இருக்க வேண்டும். அதன் புகையில் வாசனையே இல்லாத விஷவாயு இருக்கிறது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

பாலக்கோட்டான்

நர்ஸ் அம்மா சொன்னது முழுக்க உண்மை. எங்கள் தெருவிலேயே ஒரு பாட்டிக்கு இன்சுலின். ஐஸ் கிடைக்கும் நாளில் அவருக்குத்தான் முதல் பங்கு என்று எல்லோரும் பேசி வைத்திருந்தோம். யாரும் சட்டம் போடவில்லை. ஐஸ் வரிசையில் நிற்பவர் யாரானாலும் பாட்டிக்கு ஒரு பை சேர்த்து வாங்குவார்.

ஓசூர் தேன்கனி

என் அக்கா மகன் டொமினிக்காவில் மருத்துவம் படித்தான், போர்ட்ஸ்மவுத்தில், ராஸ் பல்கலைக்கழகத்தில். அதே மரியா. அதனால்தான் கேள்வி கேட்டேன். 18ஆம் தேதி இரவு ஒன்பதேகால் வாக்கில் புயல் அங்கே கரையேறியது. அந்த நாட்டுப் பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட் தன் வீட்டுக் கூரை பறந்துவிட்டது என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். அதைப் படித்த பிறகு ஓசூரில் எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. பிரதமர் வீட்டுக்கே கூரை இல்லை என்றால் மாணவன் தங்கும் அறைக்கு என்ன கதி?

அடுத்த சில நாட்கள் ஒரு செய்தியும் இல்லை. கடைசியில் நல்ல சேதி வந்தது. மாணவர்களைப் படகில் செயின்ட் லூசியா தீவுக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து அழைத்தான். அக்கா அவனைத் திரும்பத் திரும்பப் பேசச் சொல்லி அவன் குரலைக் கேட்டாள். அவர்களுக்கு அந்தப் பருவத்தின் மீதி வகுப்புகள் ஒரு கப்பலில் நடந்தன, செயின்ட் கிட்ஸ் தீவின் கரையில் நிறுத்தி வைத்த கப்பல். பிறகு அந்தப் பல்கலைக்கழகம் 2019இல் பார்படோஸுக்கே மாறிவிட்டது. பையன் படிப்பை முடித்துவிட்டான். ஆனால் போர்ட்ஸ்மவுத்தில் மாணவர்களை நம்பி வீடு வாடகைக்கு விட்டவர்கள், சாப்பாடு போட்டவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள் என்று அவன் இன்றும் கவலைப்படுகிறான். மாணவர்கள் கிளம்பிவிட்டார்கள், அந்த மக்கள் கிளம்ப எங்கே இடம்?

மத்தூர் ரேடியோ

தகவல் தொடர்பு பற்றி ஒன்று. டொமினிக்காவில் அந்த நாட்களில் வெளியுலகுக்குச் செய்தி கொண்டுபோனதில் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்குப் பெரிய பங்கு. லைசென்ஸ் எடுத்து, பொழுதுபோக்காகச் சொந்தக் கருவியில் ஒருவரோடு ஒருவர் பேசுபவர்கள் இவர்கள், ஹாம் ரேடியோ என்றும் சொல்வோம். நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் ரேடியோ குழு அந்தமானில் போர்ட் பிளேரில் இருந்தது. பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்குப் போனவர்கள். சுனாமி வந்ததும் அத்தனை கருவிகளையும் மீட்புச் செய்திக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தக் கருவியோடு கார் பேட்டரியும் ஏரியலுக்கு ஒரு கம்பியும் இருந்தால் ஆயிரம் கிலோமீட்டர்கூடப் பேச முடியும். நம் மாவட்ட இளைஞர்கள் லைசென்ஸ் பரீட்சை எழுத வேண்டும் என்று நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஊத்தங்கரை வெள்ளத்தின்போது போன் வேலை செய்யாத இடங்களில் இரண்டு பேர் இருந்திருந்தால்கூட எவ்வளவோ உதவியிருக்கும்.

அரூர் அக்கா

எழுதுங்கள் ரேடியோ தம்பி, தனி இழையே ஆரம்பியுங்கள். என் பேரனைச் சேர்த்துவிடுகிறேன்.

காவேரிப்பட்டணத்தான்

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை அம்மாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். பயப்படுவார் என்று நினைத்தேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, “அந்தப் பாட்டி பிழைத்தாரா?” என்று கேட்டார். அண்ணா, நீங்களே சொல்லுங்கள். அப்புறம் எனக்கு இரண்டு கேள்வி. நீங்கள் கடைசியில் எப்படி வெளியே வந்தீர்கள்? உங்களுக்கு இன்னொரு முறை வாய்ப்பு வந்தால் போவீர்களா?

பாலக்கோட்டான்

அம்மாவிடம் சொல்லுங்கள், பாட்டி நன்றாக இருந்தார். நான் கிளம்பும்போது எனக்குத் துணிப்பை தைத்துக் கொடுத்தார். அடுத்த வருடமும் அவர் பேத்தியிடமிருந்து செய்தி வந்தது.

வெளியே வந்த கதை பெரிதாக இல்லை. விமான நிலையம் திறந்தும் முதலில் நோயாளிகள், குழந்தைகள், முதியவர்களுக்குத்தான் இடம். அது நியாயம். ஆலையில் ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டு பாதி வேலை தொடங்கியிருந்தது, நாங்களும் இருந்தோம். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போன சின்ன சலைன் பைகளில் பெரும்பங்கு அப்போது அந்தத் தீவில்தான் தயாரானது. புயலுக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க அதற்குத் தட்டுப்பாடு வந்தது. எங்கள் ஆலை அது இல்லை என்றாலும், ஒரு மருந்து நின்றால் எங்கோ ஒரு கட்டிலில் ஒருவர் காத்திருப்பார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வீட்டுக் கூரையில் நீலத் தார்ப்பாய் கட்டிவிட்டு நேராக ஷிப்டுக்கு வந்தவர்களோடு வேலை செய்தேன். அவர்கள்மேல் எனக்கு இருக்கும் மரியாதையை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

நவம்பரில் ஊர் திரும்பினேன். அதே மாதக் கடைசியில் தென்பெண்ணையில் நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் ஷட்டர் ஒன்று உடைந்தது ஞாபகம் இருக்கும். புவேர்ட்டோ ரிக்கோவிலும் மரியா முடிந்த இரண்டாம் நாளே குவாஹதாகா அணை உடையும் என்று சொல்லி, கீழே இருந்த 70,000 பேரை வெளியேறச் சொன்னார்கள். அதை ரேடியோவில் கேட்டுவிட்டு வந்தவனுக்கு, தென்பெண்ணைக் கரையில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னபோது ஒரு விஷயம் உறைத்தது. எச்சரிக்கை வருமுன்பே எந்த மேட்டுக்குப் போக வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

போவேனா என்றால், போவேன். உங்கள் தம்பியும் போகட்டும். ஆனால் வீடு எடுக்கும்போது காங்கிரீட் கூரையாக, கடலிலிருந்தும் ஆற்றிலிருந்தும் தள்ளி, முதல் அல்லது இரண்டாம் மாடியாக இருக்கட்டும். போன முதல் வாரத்திலேயே பக்கத்து வீடுகளில் பேர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளட்டும், நாலு வார்த்தை ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளட்டும். அந்தத் தீவு அட்லாண்டாவில் இருக்கும் நம் துணைத் தூதரகத்தின் கீழ் வருகிறது. அந்த எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதி, பாஸ்போர்ட் நகலோடு தண்ணீர் புகாத பையில் வைக்கட்டும். கைச்சுழற்றி ரேடியோ ஒன்று, சோலார் விளக்கு ஒன்று.

அவலும் தொக்கும் நான் தருகிறேன். ஜூன் கடைசியில் தம்பி ஊருக்கு வரும்போது பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அழைக்கச் சொல்லுங்கள், எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.